கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஸ்டெம் செல் எப்படி வந்தது? அது குடியிருக்கும் இடம்தான் எது?

#1 கீழவாசல்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். எச்எல்ஏ என்ற திசுப் பொருத்தச் சோதனையில் பொருந்தியதால் நான்தான் ஸ்டெம் செல் (எல்லா ரத்த செல்களுக்கும் தாயான செல்) கொடுத்தேன். "எலும்பு மஜ்ஜை மாற்று" என்று சொன்னதும் இடுப்பெலும்பில் துளை போடுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. சில நாள் தொடர்ந்து ஊசி போட்டார்கள், உடம்பெல்லாம் எலும்பு வலித்தது. அப்புறம் இரண்டு கையிலும் ஊசி குத்தி, இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுற்றவிட்டு ஒரு பையில் எதையோ பிரித்து எடுத்தார்கள். மாலையில் "சிடி34 போதுமான அளவு வந்துவிட்டது, நீங்கள் கிளம்பலாம்" என்றார்கள்.

தம்பி இப்போது தேறி வருகிறான். பயமாக இருந்தபோது கேட்கத் தோன்றாத கேள்விகள் இப்போதுதான் வருகின்றன. ஸ்டெம் செல் மஜ்ஜையில் இருக்கும் என்றால் என் கை ரத்தத்தில் எப்படி வந்தது? பையில் இருந்தது ஸ்டெம் செல்தான் என்று எப்படித் தெரியும்? யாராவது அதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்களா? மருத்துவரிடம் கேட்கலாம்தான், ஆனால் வெளியே வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது இதையெல்லாம் கேட்க மனம் வரவில்லை.

#2 சாயமேற்றி

அண்ணா, உங்கள் தம்பி தேறுவது கேட்டு மகிழ்ச்சி. "சிடி34 போதும்" என்று சொல்லும் அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். அதனால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சிடி34 என்பது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். 1984இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் சிவின் குழு, இந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உருவாக்கியது. மஜ்ஜையில் ரத்தம் உருவாக்கும் இளம் செல்களில் அது ஒட்டியது, முதிர்ந்தவற்றில் ஒட்டவில்லை. இன்று அந்த வகை ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து உங்கள் மாதிரியில் கலப்போம். ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும். சிடி34 பளிச்சென்று, சிடி45 (ரத்த செல்களில் உள்ள இன்னொரு மேற்பரப்புப் புரதம்) மங்கலாக, உள்ளே துகள்கள் குறைவாக உள்ள செல்லை எண்ணுவோம். செத்த செல்லைக் கழித்துவிடுவோம். பெறுபவரின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல்களாவது வேண்டும் என்பது பொதுவாக வைத்திருக்கும் கீழ் வரம்பு. கூடுதலாகக் கிடைத்தால் நல்லது.

ஆனால் நான் எண்ணுவது ஸ்டெம் செல்லை அல்ல. காக்கி உடுத்தியவர் போலீஸாகவும் இருக்கலாம், ஆட்டோ ஓட்டுபவராகவும் இருக்கலாம் அல்லவா, சிடி34 அந்த மாதிரிதான். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்லிலும் அது உண்டு. ரத்த செல்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், சிடி34 உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏற்கனவே ஒரு பாதையில் இறங்கிவிட்ட முன்னோடி செல்கள். உண்மையான ஸ்டெம் செல் அந்தக் கூட்டத்துக்குள் மிகச் சிறுபான்மை. இந்த எண் பயன்படுவதற்குக் காரணம் அனுபவம். சிடி34 குறைவாகக் கொடுத்தவர்களுக்கு வெள்ளணுவும் தட்டணுவும் ஏறத் தாமதமாகிறது.

#3 ஓய்வுபெற்ற_விலங்கியல்

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கீழவாசல் தம்பி கேட்டிருக்கிறார். முடியாது. கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் அது லிம்போசைட் என்ற வெள்ளணு வகையில் சிறிய ஒன்றைப் போலவேதான் தெரியும். அதனால்தான் இந்தத் துறை இத்தனை காலம் தடுமாறியது.

மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது என்று ஏர்ன்ஸ்ட் நாய்மன் கோனிக்ஸ்பர்கிலிருந்து எழுதியது 1868இல். அதே ஆண்டில் இத்தாலியில் பிட்ஸோசெரோவும் அதையே சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே தாய் செல் இருக்க வேண்டும் என்று மாக்ஸிமோவ் 1909லேயே வாதாடினார். கையில் ஆதாரம் இல்லை, நுண்ணோக்கிப் படங்கள்தான் இருந்தன.

ஆதாரம் அணுகுண்டுக்குப் பிறகு வந்தது. கதிர்வீச்சு பட்டவர்கள் ரத்தம் வற்றிச் செத்ததைப் பார்த்து, எலிகளில் சோதனை தொடங்கினார்கள். 1949இல் ஜேக்கப்சன் சிகாகோவில் எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கொல்லும் அளவுக் கதிர்வீச்சு கொடுத்தார். எலிகள் பிழைத்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில், வெளியிலிருந்து மஜ்ஜை ஏற்றினாலும் பிழைக்கும் என்று தெரிந்தது.

1961இல் டொரோன்டோவில் டில், மெக்கல்லா. ஒருவர் இயற்பியலாளர், மற்றவர் மருத்துவர். கதிர்வீச்சு கொடுத்த எலிக்கு மஜ்ஜை செல்களை ஏற்றி, சுமார் 10 நாள் கழித்து மண்ணீரலைப் பார்த்தால் மேலே முடிச்சு முடிச்சாக இருந்தது. ஏற்றிய செல்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் முடிச்சுகள். சுமார் 10,000 செல்லுக்கு ஒரு முடிச்சு. அப்படியானால் ஒரு முடிச்சு ஒரே செல்லிலிருந்து வந்ததா? 1963இல் அதையும் காட்டினார்கள். கதிர்வீச்சால் குரோமோசோமில் விபரீதமான உடைவு ஏற்பட்ட செல்களைத் தேடினார்கள். ஒரே முடிச்சுக்குள் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மரபுகள் எல்லாவற்றிலும் அதே உடைவு. எனக்கு இந்தத் துறை முழுவதிலும் மிகவும் பிடித்த சோதனை இதுதான். பிற்காலத்தில் விலையுயர்ந்த கருவிகளோடு வந்த பல சோதனைகளைவிட இதில் அறிவு அதிகம்.

#4 கீழவாசல்

சார், சகோதரி, இருவருக்கும் நன்றி. ஆனால் குழப்பம் கூடிவிட்டது. மண்ணீரலில் முடிச்சு வந்தது என்றால் ஸ்டெம் செல் மண்ணீரலிலும் இருக்கிறதா?

#5 எலிவீடு

நான் சுண்டெலிகளோடு இதே துறையில் வேலை செய்கிறேன். மண்ணீரல் விஷயம் எலிக்குத்தான் பொருந்தும். எலிக்கு வயதான பின்னும் மண்ணீரல் ரத்தம் உண்டாக்குகிறது. நமக்கு வளர்ந்த பிறகு அந்த வேலை மஜ்ஜையில்தான். மைலோஃபைப்ரோசிஸ், தலசீமியா போன்ற நோய்களில் மஜ்ஜைக்குச் சமாளிக்க முடியாதபோது மண்ணீரலும் கல்லீரலும் மறுபடி அந்த வேலையில் இறங்குகின்றன. வயிறு உப்பிப்போவது அதனாலும்தான்.

சார் சொன்ன முடிச்சுகளுக்கு ஒரு பின்கதை உண்டு. 1982இல் ஒரே எலியின் மண்ணீரலைத் தொடர்ந்து கவனித்தபோது, 8ஆம் நாள் முடிச்சுகளில் பெரும்பாலானவை சில நாளில் மறைந்துவிட்டன. 12ஆம் நாள் இருந்தவை வேறு முடிச்சுகள். ஆகவே முடிச்சு போடும் செல்லில் பெரும்பாலானது ஸ்டெம் செல்லே அல்ல, அதன் பிள்ளை, பேரன்கள்.

அதனால் இன்று நாங்கள் வைக்கும் தேர்வு கடுமையானது. சந்தேகப்படும் செல்லைக் கதிர்வீச்சு பட்ட எலிக்கு ஏற்ற வேண்டும். தானம் தந்த எலிக்கும் பெற்ற எலிக்கும் சிடி45 புரதத்தில் ஒரு சின்ன வேறுபாடு இருக்கும்படி பார்த்துக்கொள்வோம், யாருடைய ரத்தம் என்று ஆன்டிபாடி காட்டிவிடும். 16 வாரம் கழித்தும் எல்லா வகை ரத்த செல்லும் தானம் தந்த எலியின் வழியில் வர வேண்டும். அப்புறம் அதன் மஜ்ஜையை எடுத்து இன்னொரு எலிக்கு ஏற்றினால் அங்கும் அதே வேலையைச் செய்ய வேண்டும். இதைத் தாண்டினால்தான் ஸ்டெம் செல்.

இதில் ஒரு சங்கடம். தேர்வில் தேறியது என்று தெரிந்தபோது அந்தச் செல் இல்லை, வம்சம்தான் இருக்கிறது. அது இருந்த இடத்தை இனி யாரும் காட்ட முடியாது. "எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு இத்தனை பதில்கள் இருப்பதன் காரணம் இதுவே என்பது என் கட்சி. முன்கூட்டியே அடையாளம் தெரிந்தால்தான் இருப்பிடத்தைப் பார்க்க முடியும். அடையாளம் மாறும்போதெல்லாம் முகவரியும் மாறியிருக்கிறது.

அடையாளத்தின் கதை சுருக்கமாக. 1988இல் ஸ்டான்ஃபோர்டில் வைஸ்மன் குழுவில் ஸ்பாங்ரூட், ஹைம்ஃபெல்ட் ஆகியோர், முதிர்ந்த செல்களுக்குரிய குறிகள் இல்லாத, தை-1 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக, ஸ்கா-1 என்ற இன்னொன்று உள்ள செல்களைப் பிரித்தார்கள். அதில் 30 செல் ஏற்றினாலே, செத்திருக்க வேண்டிய எலிகளில் பாதி பிழைத்தன. 1996இல் குடெல், ஸ்டெம் செல் ஹோக்ஸ்ட் சாயத்தை உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுவதையே அடையாளமாக்கினார். அதே ஆண்டு ஜப்பானில் நகவுச்சி குழு எலிக்கு ஒரே ஒரு செல்லை ஏற்றியது. ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட எலிகளில் அந்த ஒரு செல்லே நீண்ட காலம் ரத்தம் தந்தது.

அந்த ஒற்றைச் செல்லில் சிடி34 கிடையாது, இருந்தாலும் மிகக் குறைவு! மேலே அக்கா எண்ணும் அதே சிடி34தான். மனிதனில் ஸ்டெம் செல் சிடி34 உள்ள பக்கம், வளர்ந்த எலியில் இல்லாத பக்கம்.

2005இல் மிச்சிகனில் கீல், மாரிசன். சிடி150 உண்டு, சிடி48, சிடி41 இல்லை. மூன்றே குறி போதும், எடுத்த செல்களில் கிட்டத்தட்ட பாதி தேர்வில் தேறின. இது ஏன் பெரிய விஷயம் என்பதை ஒளித்துண்டு வந்து சொல்லட்டும், அது அவர் ஏரியா.

#6 சந்தேகி

எலிவீடு, நீங்கள் சொல்வது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறதே. "மாற்று சிகிச்சையில் வேலை செய்தால் ஸ்டெம் செல்" என்கிறீர்கள். கதிர்வீச்சு பட்டு மஜ்ஜை காலியான எலி ஒரு பேரழிவு நிலை. அங்கே ஓடியாடி வேலை செய்யும் செல்தான், சாதாரண நாளில் என் உடம்பில் ரத்தம் தருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

#7 எலிவீடு

நியாயமான கேள்வி, இதைப் பற்றித் துறைக்குள்ளேயே சண்டை நடக்கிறது. 2014இல் ஹார்வர்டில் கமார்கோ குழு மாற்று எதுவும் செய்யாமல், எலியின் உடம்புக்குள்ளேயே ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி மரபணுக் குறி போட்டுப் பார்த்தது. அன்றாட ரத்தத்தில் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான முன்னோடி செல்களிலிருந்து வந்தது. தேர்வில் தேறும் அசல் ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் சும்மா இருந்தன. 2015இல் ஜெர்மனியில் புஷ், ரோடெவால்ட் வேறு முறையில் செய்து ஏறக்குறைய அதே திசையில் சொன்னார்கள். எவ்வளவு சும்மா என்பதில் மற்றவர்கள் உடன்படவில்லை.

மனிதனில் குறி போட முடியாது. ஆனால் இயற்கையே போட்டுவைத்திருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் வயதோடு சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 59 வயது ஆரோக்கியமான ஒருவரின் 140 ஒற்றைச் செல் வம்சங்களின் முழு மரபணு வரிசையைப் படித்து, அவருக்கு ரத்தம் தந்துகொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள் 50,000 முதல் 2,00,000 வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாளைக்கு 20,000 கோடி சிவப்பணு உண்டாக்கும் உடம்பில் மூலதனம் அவ்வளவுதான்.

#8 ஒளித்துண்டு

கூப்பிட்டதற்கு நன்றி. முகவரிக் கதைக்கு வருகிறேன்.

1975இல் மான்செஸ்டரில் பிரையன் லார்ட், எலியின் தொடை எலும்பை நடுவிலிருந்து ஓரம்வரை பிரித்து, எந்தப் பகுதியில் முடிச்சு போடும் செல்கள் அதிகம் என்று பார்த்தார். எலும்புச் சுவரை ஒட்டித்தான் அதிகம் என்றார். 1978இல் அங்கேயே ரே ஸ்கோஃபீல்ட், ஸ்டெம் செல் தன்னந்தனியாக ஸ்டெம் செல்லாக இருப்பதில்லை, பக்கத்துச் செல்கள் அதை அப்படி வைத்திருக்கின்றன, அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் முதிர்ந்துவிடும் என்று எழுதினார். அந்த இடத்துக்குத்தான் நிஷ் என்று பெயர். அப்போது அவரிடம் படம் எதுவும் இல்லை, வெறும் தர்க்கம்.

2003இல் நேச்சர் இதழில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள். எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களைக் கூட்டினால் ஸ்டெம் செல்லும் கூடுகிறது என்று கால்வி, ஸ்காடன் ஒரு பக்கம், லின்ஹெங் லி குழு மறுபக்கம். எலும்போரம்தான் வீடு என்று எல்லோரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டே ஆண்டில் கீல், மாரிசன் வந்தார்கள். அதுவரை தேவைப்பட்ட குறிகள் மிகப் பல, மஜ்ஜைச் சீவலில் அத்தனை நிறத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. சிடி150 முறை வந்ததும் சீவலிலேயே ஸ்டெம் செல்லைக் காண முடிந்தது. பார்த்தால் பெரும்பான்மை சைனுசாய்டு என்ற அகலமான, மெல்லிய சுவருள்ள ரத்தக் குழாய்களை ஒட்டி இருந்தன. எலும்போரம் கொஞ்சம்தான்.

2013இல் நியூயார்க்கில் ஃப்ரெனெட் குழு, உறங்கும் ஸ்டெம் செல்கள் சிறு தமனிகளின் அருகில் என்றது. 2015இல் மாரிசன் குழு, அதற்குள் டெக்சஸுக்கு மாறியிருந்தார்கள், எலும்பை ஒளி ஊடுருவும்படி வேதிப்பொருளில் ஊறவைத்து, சீவாமலே முப்பரிமாணத்தில் பார்த்தார்கள். ஆல்ஃபா-கேட்டுலின் என்ற புது அடையாளம். சுமார் 85 சதவீத ஸ்டெம் செல்கள் சைனுசாய்டிலிருந்து 10 மைக்ரோமீட்டருக்குள். பிரிகிறவையும் சரி, உறங்குகிறவையும் சரி, பெரும்பாலும் தமனியைவிட்டும் எலும்பைவிட்டும் தள்ளியே இருந்தன.

#9 சந்தேகி

> சுமார் 85 சதவீதம் சைனுசாய்டிலிருந்து 10 மைக்ரோமீட்டருக்குள்

மஜ்ஜை முழுக்கச் சைனுசாய்டுதானே? கண்ணை மூடிக்கொண்டு எந்தப் புள்ளியைத் தொட்டாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும். அருகில் இருப்பதால் மட்டும் உறவு என்று சொல்லிவிட முடியுமா?

#10 ஒளித்துண்டு

அதனால்தான் ஃப்ரெனெட் குழு, செல்களை மஜ்ஜையில் கண்டபடி தூவினால் தூரம் எவ்வளவு வரும் என்று கணினியில் போட்டு ஒப்பிட்டது. தமனிதான் என்று அவர்கள் சொன்னதன் பலம் அங்கே. படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் சொல்கிறேன், படத்தை மட்டும் நம்பி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

தீர்க்கும் வழி வேறு. ஸ்டெம் செல் உயிரோடு இருக்க எஸ்சிஎஃப் என்ற புரதம் வேண்டும். அதை யார் தருகிறார்கள்? 2012இல் டிங், மாரிசன் அந்த மரபணுவை ஒவ்வொரு வகைச் செல்லிலும் தனித்தனியாக நீக்கிப் பார்த்தார்கள். ஆஸ்டியோபிளாஸ்டில் நீக்கினால் ஸ்டெம் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயின் உட்சுவர் செல்லில் நீக்கினால் குறைந்தது. குழாயைச் சுற்றியிருக்கும், லெப்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி கொண்ட செல்லில் நீக்கினாலும் குறைந்தது. சோறு போடுபவர் குழாய்ப் பக்கத்தில்தான்.

அதற்காக எலும்போரம் காலி இடம் அல்ல. சிஎக்ஸ்சிஎல்12 என்ற இன்னொரு புரதத்தை ஆஸ்டியோபிளாஸ்டில் நீக்கியபோது ஸ்டெம் செல் பாதிக்கப்படவில்லை, லிம்போசைட்டாகப் போகும் ஆரம்பநிலை செல்கள் குறைந்தன. அவர்களுடைய வீடு அங்கே.

#11 சாயமேற்றி

சிஎக்ஸ்சிஎல்12 என்ற பெயர் வந்துவிட்டது, அண்ணாவின் முதல் கேள்விக்கு அதுதான் பதில். மஜ்ஜையின் குழாய்ப் பக்கச் செல்கள் அதைச் சுரக்கின்றன. ஸ்டெம் செல்லின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி இருக்கிறது. இந்தப் பிடிதான் அதை உள்ளே நிறுத்துகிறது. உங்களுக்குப் போட்டது ஜி-சிஎஸ்எஃப் ஊசியாக இருக்கும். அது மஜ்ஜையில் வெள்ளணு உற்பத்தியைத் தூக்கிவிடும், கூடவே சிஎக்ஸ்சிஎல்12 அளவு விழும். பிடி தளர்ந்து சிடி34 செல்கள் ரத்தத்துக்கு வரும். அந்த எலும்பு வலி கொடுப்பவர்கள் பலர் சொல்வதுதான்.

சிலருக்கு ஜி-சிஎஸ்எஃப் மட்டும் போதாது. அப்போது பிளெரிக்ஸாஃபோர் கொடுப்பார்கள், அது சிஎக்ஸ்சிஆர்4ஐயே நேராக அடைக்கும், சில மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறும். அது முதலில் எச்ஐவிக்கு மருந்தாகப் பார்க்கப்பட்டது, ஏனென்றால் அந்த வைரஸும் அதே ஏற்பி வழியாக நுழையும். எச்ஐவிக்குச் சரிப்படவில்லை, 2008இல் அமெரிக்காவில் ஸ்டெம் செல் சேகரிப்புக்கு அனுமதி கிடைத்தது.

ஊசி போடாவிட்டாலும் உங்கள் ரத்தத்தில் கொஞ்சம் ஸ்டெம் செல் எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

#12 எலிவீடு

கடைசி வரிக்கு ஆதாரம்: 2001இல் வைஸ்மன் குழு இரண்டு எலிகளை அறுவை செய்து ஒட்டி, ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கியது. ஒன்றின் ஸ்டெம் செல் இன்னொன்றின் மஜ்ஜையில் போய்க் குடியேறி வேலை செய்தது, கதிர்வீச்சு எதுவும் இல்லாமலே.

#13 கீழவாசல்

ஆஹா. ஆகவே அவை வீட்டைவிட்டு வெளியே போய் வருகின்றன. எந்தெந்த எலும்பு என்று கேட்க விட்டுப்போனது. எனக்கு இடுப்பும் முதுகும் மார்பெலும்பும்தான் அதிகம் வலித்தன.

#14 ஓய்வுபெற்ற_விலங்கியல்

அவைதான் தம்பி. குழந்தை பிறக்கும்போது எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். வளர வளரக் கை கால்களிலிருந்து பின்வாங்கி, அங்கே கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை வரும். வளர்ந்தவர்களுக்கு மிஞ்சுவது இடுப்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு, அப்புறம் தொடை, மேற்கை எலும்புகளின் மேல்முனை. மஜ்ஜை எடுக்க இடுப்பின் பின்பக்கம் குத்துவது அதனால்.

பிறப்பதற்கு முன்னால் முகவரி இன்னும் வேடிக்கை. கருவின் பெருந்தமனியின் உட்சுவர் செல்களே உருமாறி ஸ்டெம் செல்லாகப் பிதுங்கி வெளிவருகின்றன. 2010இல் மீனிலும் எலியிலும் அதை நேரடியாகப் படம் எடுத்தார்கள். அங்கிருந்து கல்லீரல், அங்கே பெருகி, கடைசியில்தான் மஜ்ஜை. வரிக்குதிரை மீனுக்கு மஜ்ஜைக்குப் போகவே வேண்டாம், சிறுநீரகத்தில் குடியிருக்கும். அந்தச் சிறுநீரகத்தின் மேலே கறுப்பு நிறமி செல்களின் ஒரு படலம். 2018இல் ஸான் குழு அந்த நிறமி இல்லாத மீன்களைப் பார்த்தது. புற ஊதா ஒளியில் அவற்றின் ஸ்டெம் செல் குறைந்தது. தண்ணீரில் மேலிருந்து வெயில் படும் பிராணிக்கு நிறமி, நிலத்தில் வாழும் நமக்கு எலும்பு. நான் வேலையில் இருந்தபோது இது வந்திருந்தால் ஒரு பாடவேளை முழுக்க இதையே பேசியிருப்பேன்.

#15 புதுவரவு

இடையில் ஒரு கேள்வி. எங்களுக்கு அடுத்த மாதம் குழந்தை. தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்கச் சொல்கிறார்கள். அதில் இதே ஸ்டெம் செல்தானா?

#16 சாயமேற்றி

இதேதான். 1988இல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்குத் தங்கையின் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றியது முதல் வெற்றி. ஆனால் விளம்பரத்தில் சொல்லாதது ஒன்று. குழந்தைக்கே பின்னால் மரபுவழி ரத்த நோயோ லுகீமியாவோ வந்தால், அதன் சொந்த தொப்புள்கொடி ரத்தத்தில் அதே பழுது இருக்கலாம், அதனால் பெரும்பாலும் அது உதவாது. வீட்டில் ஏற்கனவே ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால் கதை வேறு, மருத்துவரிடம் பேசுங்கள். மற்றபடி அந்தக் காசைக் குழந்தைக்கு வேறு எதற்காவது வையுங்கள் என்பேன். இது தனி இழை போடவேண்டிய விஷயம்.

#17 கீழவாசல்

கடைசியாக ஒன்று. தம்பிக்கு என் பையைச் சாதாரண டிரிப் மாதிரி மார்பில் இருந்த குழாய் வழியாகத்தான் ஏற்றினார்கள். எலும்புக்குள் போக வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது?

#18 ஒளித்துண்டு

பிடித்து வைத்த அதே ஜோடிதான் கூப்பிடவும் செய்கிறது. முதல் சுற்றில் நிறைய செல்கள் நுரையீரலிலும் மண்ணீரலிலும் சிக்கும். மஜ்ஜைக் குழாய்க்கு வரும்போது அதன் உட்சுவரில் உள்ள செலக்டின்கள் என்ற ஒட்டும் புரதங்கள் செல்லை உருளவைத்து வேகத்தைக் குறைக்கும். அங்கே சிஎக்ஸ்சிஎல்12 தெரிந்ததும் இறுகப் பிடித்து, சுவருக்குள் நுழைந்து உள்ளே போகும். ஜி-சிஎஸ்எஃப் ஊசி நின்று பிடி பழையபடி ஆனதும், உங்கள் உடம்பில் மிஞ்சி ரத்தத்தில் திரிந்தவையும் இதே வழியில்தான் திரும்பியிருக்கும்.

#19 சந்தேகி

எல்லாம் சரி, இத்தனையும் எலிக் கணக்கு. மனித ஸ்டெம் செல்லின் அசல் அடையாளம் கிடைத்ததா இல்லையா?

#20 எலிவீடு

2011இல் ஜான் டிக் குழு, மறுபடி டொரோன்டோ. சிடி34 உண்டு, சிடி38, சிடி45ஆர்ஏ இல்லை, சிடி90 உண்டு, கூடவே சிடி49எஃப். நோய் எதிர்ப்பு இல்லாத எலியின் தொடை எலும்புக்குள் ஒற்றை மனித செல்லை வைத்து நீண்ட காலம் மனித ரத்தம் வரவைத்தார்கள். ஆனால் தேர்வு நடக்கும் இடம் இப்போதும் எலியின் உடம்புதான், அந்த உங்கள் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. மனித மஜ்ஜைச் சீவலில் இத்தனை குறியையும் ஒரே நேரத்தில் பார்ப்பது பற்றி ஒளித்துண்டுதான் சொல்ல வேண்டும்.

#21 ஒளித்துண்டு

பல நிறச் சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்க்கும் முறைகள் வந்துவிட்டன. ஆனால் கிடைப்பது பெரும்பாலும் இடுப்பெலும்பு மாற்று அறுவையில் வெட்டி எடுத்த தொடை எலும்பின் தலைப்பகுதி. கொடுப்பவர்கள் வயதானவர்கள், மஜ்ஜையில் கொழுப்பு நிறைய. அதில் பார்த்ததை இருபது வயதுக்காரரின் முதுகெலும்புக்கு எப்படிப் பொருத்துவது? நாளை வேலை முடிந்து விரிவாக எழுதுகிறேன்.